கடலில் ஓடும் மணிக்கணக்கையும் பட்ஜெட்டில் எழுதுங்கள்

பெறுநர்: தலைவரும் உறுப்பினர்களும், பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, புது தில்லி.

அனுப்புநர்: இராமநாதபுரம் கடற்கரையில் படகு எஞ்சின், கப்பல் உடல், மின்கருவி வேலை தெரிந்தவர்கள்.

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

செலவுக்குப் பணம் கேட்டு பாதுகாப்பு அமைச்சகம் நாடாளுமன்றத்துக்கு அனுப்பும் மானியக் கோரிக்கையை வரி வரியாகப் படித்து, அதிகாரிகளை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் உரிமை உங்கள் குழுவுக்கு இருக்கிறது. அதனால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறோம். புதிய கப்பல் கேட்டு எழுதவில்லை. ஏற்கெனவே இங்கே இருக்கிற கப்பலும் படகும் ஹெலிகாப்டரும் கூப்பிட்ட நேரத்தில் கிளம்ப வேண்டும். அதற்கான பணம் உரிய மாதத்தில் வர வேண்டும். இத்தனை மணி நேர ஓட்டத்துக்கு இவ்வளவு என்ற கணக்கோடு வர வேண்டும்.

இராமநாதபுரம் கரைக்கு இரண்டு கடல். பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, ஊரார் பேச்சில் வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, தென்கடல். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் ஓரளவு அடங்கிக் கிடக்கும். ஐப்பசியில் வாடை எழும்பிவிட்டால் நிலைமை தலைகீழ். வடகடலின் பெரும்பகுதி 13 மீட்டர் ஆழத்துக்குள்தான். தனுஷ்கோடிக்கு அப்பால் மணல்திட்டுகளை ஒட்டி ஓராள் ஆழம்கூட இல்லாத இடங்கள் உண்டு. 1974-ல் இலங்கையோடு ஒப்பந்தமான எல்லைக்கோடும் இந்த ஆழமில்லாத கடலின் நடுவேதான் போகிறது.

இப்படிப்பட்ட கடலில் பெரிய கப்பலுக்கு வேலை குறைவு. காற்று மெத்தைமேல் மிதந்து தண்ணீரிலும் மணலிலும் ஓடும் ஹோவர்கிராப்ட் மண்டபம் கடலோரக் காவல்படை நிலையத்தில் இருக்கிறது. அதுபோன்ற ஊர்திகள்தான் இங்கே உயிர். 2022 மார்ச்சில் இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் குழந்தைகளோடு தப்பி வந்த குடும்பங்களைப் படகுக்காரர்கள் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவர்களை மீட்டது ஹோவர்கிராப்ட். சுற்றிலும் தண்ணீர், ஆனால் படகு மிதக்க ஆழம் போதாது. அந்தத் திட்டுக்கு நேரே ஏறிப் போக வேறு ஊர்தி கிடையாது. அது அன்று ரிப்பேரில் நின்றிருந்தால், வெயிலில் தண்ணீர் இல்லாமல் கிடந்த குழந்தைகளுக்கு யார் பதில் சொல்வது?

ஹோவர்கிராப்ட் எதனால் நிற்கிறது என்பதை விரிவாகவே சொல்கிறோம். பட்ஜெட்டில் இருக்கிற கோளாறு முழுவதையும் அதிலேயே பார்க்கலாம்.

ஊர்தியின் அடியைச் சுற்றி ஸ்கர்ட் தொங்குகிறது. ரப்பர் பூசிய நைலான் துணி. அதன் கீழ்ப்பகுதி ஒரே துண்டாக இருக்காது; விரல்களை வரிசையாகத் தொங்கவிட்டதுபோல் தனித்தனித் துண்டுகள். காற்றை உள்ளே பிடித்துவைத்து ஊர்தியைத் தூக்குவது இவைதான். மணலிலும் பவளக் கல்லிலும் சிப்பி ஓட்டிலும் உரசி முதலில் தேய்வதும் இவற்றின் கீழ் விளிம்புதான். விளிம்பில் ரப்பர் உரிந்து நூல் வெளியே தெரிந்தால் அது முதல் எச்சரிக்கை. அடுத்து, நூல் உப்புத் தண்ணீரைக் குடித்து, ரப்பர் துணியைவிட்டுப் பிரியும். அந்த நிலையில் துண்டு ஓட்டத்தின்போது படபடவென்று அடித்துக்கொண்டு தானாகவே கிழியும்.

ஒரு துண்டு கிழிந்தால் பக்கத்துத் துண்டுகள் விரிந்து ஓரளவு ஈடுகட்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று போய்விட்டால் காற்று அந்த வழியாக ஓடிவிடும், ஊர்தி அந்தப் பக்கம் சாயும். அதைத் தூக்கிப்பிடிக்க எஞ்சினைக் கூடுதலாக முடுக்க வேண்டும், டீசல் கூடும். காற்று பீறிடும் இடத்தில் உப்புத் தண்ணீர் புகைபோல் எழுந்து புரொப்பெல்லரிலும் எஞ்சினின் காற்று ஃபில்டரிலும் போய்ப் படியும். மணல் கலந்த அந்தச் சாரல் புரொப்பெல்லர் இறக்கையின் முன்விளிம்பை உப்புத்தாள் போட்டதுபோல் தேய்க்கும். ஆக, சில துண்டுகளை மாற்றாததால் வரும் செலவு டீசலிலும் ஃபில்டரிலும் இறக்கையிலும் வேறு வேறு பில்லாக எழுகிறது. கணக்கில் பார்க்கிறவருக்கு மூன்றும் மூன்று தனிச் செலவுகளாகத்தான் தெரியும்.

துண்டை மாற்றுவது பெரிய வித்தை இல்லை. தரையில் ஏற்றி, ஜாக்கி கொடுத்து, பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்ட வேண்டும். ஆனால் அந்தத் துண்டு கையில் இருக்க வேண்டுமே! அங்கேதான் நிதியாண்டு குறுக்கே வருகிறது. ஏப்ரலில் ஒதுக்கீடு. தேவைக்கு ஒப்புதல், டெண்டர், விலைப் பேச்சு, நிதி ஆலோசகரின் இசைவு, அனுமதி ஆணை எல்லாம் முடிய அரை ஆண்டு சுலபமாகப் போய்விடும். பொருள் வாடையில் வந்து சேரும், அல்லது மார்ச் கடைசியில் பணம் காலாவதியாகும் என்ற பயத்தில் மொத்தமாக வாங்கிக் குவிக்கப்படும். ரப்பருக்கு ஆயுள் எண்ணத் தொடங்குவது பூட்டிய நாளில் அல்ல, வார்த்த நாளில். இராமநாதபுரத்து வெயிலில் தகரக் கூரைக் கிடங்கில் இரண்டு கோடை கிடந்த துண்டைப் பூட்டினால் அது புதுத் துண்டாக இருக்காது. ஆண்டு முழுவதற்கும் ஒரே கொள்முதலாக இல்லாமல், காலாண்டுக்கு ஒரு தவணையாக வரவழைக்கும் விலை ஒப்பந்தம் இருந்தால் இந்த வீணடிப்பு இராது. செலவும் ஏறாது.

கடைசிக் காலாண்டில் 33 சதவீதத்துக்கு மேலும், மார்ச் மாதத்தில் 15 சதவீதத்துக்கு மேலும் செலவிடக் கூடாது என்று நிதி அமைச்சகம் விதித்திருக்கிறது. நல்ல கட்டுப்பாடுதான். ஆனால் முதல் காலாண்டில் பராமரிப்புக்கு இவ்வளவாவது செலவாகியிருக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. இந்தக் கரைக்குத் தேவைப்படுவது அதுதான்.

காரணம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுகள் மட்டும் போகும். கடலில் ஆள் குறைவதால் தேடுதல், மீட்பு அழைப்புகளும் குறையும். இராமேசுவரத்திலும் மண்டபத்திலும் விசைப்படகு உரிமையாளர்கள் படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, எஞ்சினை இறக்கிப் பார்ப்பது இந்த நாட்களில்தான். அதற்கான பணத்தைப் பங்குனிக்கு முன்பே புரட்டி வைத்திருப்பார்கள். ஜூன் 14 நள்ளிரவுக்குள் படகு தண்ணீரில் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அரசின் படகுக்கும் அதே கடல்தான், அதே இரண்டு மாதம்தான். ஏப்ரல் முதல் வாரத்தில் ஸ்பேர் கிடங்கில் இருந்தால் ஒன்று மாற்றி ஒன்றாகக் கரையேற்றி, ஜூன் பாதிக்குள் எல்லாவற்றையும் ஓட்டத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். ஏப்ரலில் கோப்பைத் தொடங்கினால் படகு கரையேறுவது ஐப்பசியில். புயல் எச்சரிக்கை கொடிகட்டிப் பறக்கும் மாதத்தில், மீட்புக்கு ஓட வேண்டிய படகு மரக்கட்டைமேல் உட்கார்ந்திருக்கும். ரூபாய் அதே ரூபாய்தான். மாதம் தப்பியதால் பாதிப் பயன் போய்விடுகிறது.

இனிப் படகுகள். வேகமாக ஓடும் இடைமறிப்புப் படகுகள் பலவற்றில் வாட்டர்ஜெட் இருக்கிறது. அடியில் நீட்டிக்கொண்டு நிற்கும் புரொப்பெல்லர் இல்லாததால் ஆழமில்லாத இடத்துக்கு அது ஏற்றது. ஆனால் தண்ணீரை உறிஞ்சித் தள்ளும் எந்திரம், தண்ணீரில் என்ன இருந்தாலும் உறிஞ்சும். வடகடலின் தரை முழுக்கக் கடற்புல். காற்று மாறும்போது புல் பிய்ந்து மிதக்கும். அதோடு அறுந்த வலைத்துண்டும் கயிறும். இவை உறிஞ்சும் வாயின் கம்பித் தடுப்பில் அடைத்துக்கொண்டால் எஞ்சின் சுழற்சி ஏறும், படகு நகராது. மணல் இன்னும் மோசம். சத்தமில்லாமல் வேலை பார்க்கும். உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளிதான் இருக்க வேண்டும். மணல் அதை அரித்து அகலமாக்கினால் தண்ணீர் பின்வாங்கி, நுரை பிறந்து, வேகம் விழும். பதிவேட்டில் படகு நல்ல நிலையில்தான் இருக்கும். துரத்திப் பிடிக்க வேண்டிய இரவில்தான் குறை வெளிவரும்.

அலுமினிய உடல் கொண்ட படகில், உடல் அரிக்காமல் இருக்கத் தாம் கரையும் ஜிங்க் கட்டிகளைப் பொருத்தியிருப்பார்கள். அவை பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். படகின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லாத செலவு. விட்டுவிட்டால் கடல் அடுத்ததாக உடலையே தின்னும், பிறகு தகடு வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும். அலுமினிய வெல்டிங் தேர்ந்த கைகள் இந்த மாவட்டத்தில் குறைவு, ஆகவே படகு தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ கொச்சிக்கோ போகும். வடகடலிலிருந்து தூத்துக்குடிக்குப் பாம்பன் கால்வாய் வழியேதான் இறங்க வேண்டும். உயரமான கலங்கள் பாலம் திறக்கும் நாளுக்காகக் காத்து நிற்கும்.

எண்ணெய்ச் சிக்கனம் என்ற பெயரில் படகை ஜெட்டியிலேயே கட்டிவைப்பது வேறொரு தவறு. ஓடாத படகு கெடாது என்ற நினைப்பு அலுவலகங்களில் பரவலாக இருக்கிறது. டீசல் தொட்டியில் ஈரம் கோத்துத் தண்ணீர் சேரும், அதில் கிருமி வளர்ந்து கறுப்புச் சளியாக ஃபில்டரை அடைக்கும். கடல்நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்து அப்படியே இறுகிவிடும். குளிர்விப்பான் குழாயில் சிப்பிக் குஞ்சு ஒட்டும். பேட்டரி தானாக வடியும். மாதக்கணக்கில் நின்றுவிட்டு ஒருநாள் அவசரத்தில் கிளப்பினால் அரைமணியில் சூடேறி நிற்கும். எண்ணெய்ச் செலவை வெட்டும்போது கூடவே ரிப்பேர் செலவை ஏற்றிவிடுகிறோம். அது அடுத்த ஆண்டுக் கணக்கில் வருவதால் இந்த ஆண்டுக்குச் சேமிப்புபோலத் தெரிகிறது.

உச்சிப்புளியில் 2009 முதல் இருக்கும் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: நல்ல தண்ணீர். கடல்மேல் தாழப் பறந்து வரும் ஹெலிகாப்டரின் எஞ்சின் உள்ளே உப்பு படியும். அதைச் சுத்தத் தண்ணீரால் கழுவாவிட்டால் கம்ப்ரஸர் இறக்கையில் படிவு ஏறி, சக்தி குறைந்து, வெப்பம் கூடும். படகின் மேல்தளமும் ஜன்னலும் எஞ்சின் அறையும் அப்படித்தான். குடிக்கவே காவிரிக் கூட்டுக் குடிநீருக்காகக் குடத்தோடு நிற்கிற மாவட்டம் இது. தளத்துக்கென்று உப்பகற்றும் எந்திரம், அதன் சவ்வு, சவ்வை மாற்றும் செலவு இவையும் போர்த் தயார்நிலைச் செலவுதான். கட்டடப் பணிக் கணக்கில் ஒளிந்துகொள்வதால் வெட்டு விழும்போது இவையே முதலில் போகின்றன. ஜெட்டி அருகே மணல் தூர்வாரும் செலவும் அதே கதை. இங்கே ஓதம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம், ஒரு மீட்டருக்கும் குறைவு. மணல் மேடிட்டுவிட்டால் ஏற்றத்தில் மிதந்து வெளியேறலாம் என்ற கதையே கிடையாது.

இப்போது பட்ஜெட் எண்களுக்கு வருவோம். 2025–26-ல் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கியது 6,81,210 கோடி ரூபாய். அதில் ஓட்டத்துக்கும் பராமரிப்புக்கும் தயார்நிலைக்கும் சுமார் 1,14,415 கோடி. கடலோரக் காவல்படைக்கு 9,676.70 கோடி. இதை முந்தைய ஆண்டின் 7,651.80 கோடியோடு வைத்துப் பாருங்கள். வாங்குவதற்கான மூலதனம் 3,500 கோடியிலிருந்து 5,000 கோடியாக, ஏறத்தாழ 43 சதவீதம் கூடியது. மீதமுள்ள வருவாய்ப் பகுதி 4,151.80 கோடியிலிருந்து 4,676.70 கோடியாக, ஏறத்தாழ 12.6 சதவீதம் கூடியது. சம்பளமும் எரிபொருளும் பழுதுபார்ப்பும் எல்லாம் இந்த இரண்டாவது பகுதிக்குள்தான். வாங்குவது வேகமாக ஏறி, ஓட்டுவதற்கான பணம் மெல்ல ஏறினால், சில ஆண்டுகளில் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

2024 அக்டோபரில் கடலோரக் காவல்படைக்கு 6 ஹோவர்கிராப்ட் கட்ட 387.44 கோடிக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. மனதார வரவேற்கிறோம். ஒன்றுக்கு ஏறத்தாழ 64.6 கோடி. முதல் ஆண்டிலிருந்தே ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு எத்தனை மணி ஓட்டம், எத்தனை ஸ்கர்ட் துண்டு, எத்தனையாவது மணியில் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பது என்ற கணக்கு வருவாய்ப் பட்டியலில் ஏற வேண்டும். ஆயுள் முழுக்க ஓட்டிப் பராமரிக்கும் செலவு வாங்கிய விலையைத் தாண்டும் என்பது கடல்வேலை தெரிந்த எல்லோருக்கும் பழகிய உண்மை.

உள்துறை அமைச்சகத்தின் கடலோரப் பாதுகாப்புத் திட்டம் இதற்கு ஒரு பழைய உதாரணம். அதன் முதல் கட்டத்தில் நாடு முழுக்கக் கடலோரக் காவல் நிலையங்களுக்கு 204 படகுகள் கொடுத்தார்கள். எரிபொருளுக்கும் பழுதுக்கும் மத்திய அரசு 5 ஆண்டு பணம் தந்தது. ஒரு படகுக்கு ஓவர்ஹால் செலவு வரத் தொடங்குவதே அந்த 5 ஆண்டு முடியும் தறுவாயில்தான்! அந்த நேரத்தில் பாரம் மாநிலத்தின் தலையில் ஏறியது.

ஆண்டின் நடுவில் ஒதுக்கீட்டை மாற்றும் திருத்திய மதிப்பீட்டின்போது வெட்டு எப்படி விழுகிறது என்பது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். சம்பளத்தில் கை வைக்க முடியாது. ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தத்துக்குத் தர வேண்டியதையும் தொட முடியாது. மிஞ்சுவது ஸ்பேர், ரீஃபிட் (கப்பலை நிறுத்திவைத்துச் செய்யும் பெரிய பழுதுபார்ப்பு), பயிற்சி ஓட்டம், எண்ணெய். கடற்படைக் கணக்கில் 2077 தலைப்பின் கீழ் 106 என்ற எண்ணில் பழுதுபார்ப்பும் ரீஃபிட்டும் தனியே தெரிகிறது. அங்கே குறைந்தால் கேள்வியாவது கேட்கலாம். ஆனால் குறைந்த தொகைக்கு எத்தனை கப்பல்நாள் இழந்தோம் என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. அமெரிக்காவில் ஓட்டமும் பராமரிப்பும் தனித் தலைப்பாகவே ஒதுக்கப்படுகிறது. அந்தக் கோரிக்கையோடு கப்பல் ஒரு காலாண்டில் எத்தனை நாள் கடலில் இருக்கும், விமானிக்கு எத்தனை பறப்பு மணி என்பதும் அவர்களின் நாடாளுமன்றத்துக்குப் போகிறது. ரகசியம் காக்கத் தெரியாத நாடு அல்ல அது. ஊர்தி எங்கே நிற்கிறது என்று வெளியிட வேண்டாம். மொத்த மணிக்கணக்கு போதும். அதுவும் முடியாதென்றால் மூடிய அறையில் உங்கள் குழுவுக்கு மட்டுமாவது தரட்டும்.

எண்ணிக்கை ஏன் ஏமாற்றும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. எஞ்சின், வாட்டர்ஜெட், ஜெனரேட்டர், ரேடார், ரேடியோ என்ற ஐந்தும் வேலை செய்தால்தான் படகு கிளம்ப முடியும் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் 100 நாளில் 95 நாள் நன்றாக இருக்கிறது. கேட்க நல்ல எண். ஐந்தையும் பெருக்கினால் படகு கிளம்பும் நாள் 77 மட்டுமே. ஸ்பேர் தட்டுப்பாட்டில் ரேடார் மட்டும் 80 நாளுக்கு இறங்கினால் படகு 65 நாளுக்கு இறங்கிவிடும். ரேடார் ஸ்பேரில் மிச்சம் பிடித்த பணத்துக்கு முழுப் படகின் 12 நாளைக் கொடுத்திருக்கிறோம்.

பாதுகாப்புக் கொள்முதல் கையேடு 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. கப்பல், விமானப் பழுது வேலையில் 15 சதவீதம்வரை கூடுதல் வேலைக்கு முன்கூட்டியே இடம் தந்திருக்கிறார்கள். கியர்பாக்ஸைப் பிரித்த பிறகுதான் உள்ளே பேரிங் போனது தெரியும். முன்பெல்லாம் அதற்குப் புதிதாகக் கோப்பு எழுதி அனுமதி வரும்வரை பிரித்த கியர்பாக்ஸ் பிரித்தபடியே கிடக்கும். இந்த மாற்றத்துக்கு நன்றி சொல்கிறோம். ஆனால் 15 சதவீதம் செலவிட விதி இடம் கொடுத்தாலும் தலைப்பில் அந்தப் பணம் இருக்க வேண்டும். ரீஃபிட் ஒதுக்கீட்டைப் போடும்போதே அந்த 15-ஐயும் சேர்த்துத்தான் போடுகிறார்களா என்று அமைச்சகத்தைக் கேளுங்கள்.

அதோடு இவற்றையும் கேட்டு வாங்குங்கள். தடைக்கால வேலைக்கான டெண்டரை முந்தைய அக்டோபரிலேயே தொடங்கவும், பணம் மட்டும் ஏப்ரல் 1-ல் கட்டவும் நிலைய அளவில் அதிகாரம். ஒரு நிதியாண்டில் தொடங்கி அடுத்ததில் முடியும் ரீஃபிட்டுக்கு மார்ச் 31-ல் அறுந்துவிடாத நிதி. மண்டபத்தில் படகைக் கரையேற்றச் சாய்தளமாக ஒரு சிலிப்வேயும் படகு தூக்கும் எந்திரமும், கூடவே பரமக்குடி, இராமநாதபுரம் ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு அலுமினிய வெல்டிங்கிலும் கடல் டீசல் எஞ்சினிலும் பயிற்சி. இதைச் செய்தால் ஒவ்வொரு படகும் ரிப்பேருக்காகப் பயணம் போகும் நாளும் எண்ணெயும் மிச்சமாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரே ஒரு பக்கம். கலத்தின் வகை, கையிருப்பு எத்தனை, சென்ற ஆண்டு திட்டமிட்ட ஓட்ட மணி, ஓடிய மணி, நின்ற நாள், நின்றதற்குக் காரணம் ஸ்பேரா, பணமா, ஆளா, ஜெட்டியா. வெட்டப்பட்ட தொகை, அதனால் இழந்த மணி. இந்த எட்டுக் கட்டங்களை நிரப்ப ஒரு எழுத்தருக்கு ஒரு நாள் வேலை. விவரம் எல்லாம் எஞ்சின் அறைப் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த மானியக் கோரிக்கை உங்கள் மேசைக்கு வரும்போது அந்தப் பக்கமும் இணைந்து வரட்டும். வராவிட்டால் வரும்வரை கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் உண்மையுள்ள,
இராமநாதபுரம் கடற்கரையின் படகு, எஞ்சின் பராமரிப்புத் தொழிலாளர்களும் ஓய்வுபெற்ற கப்பல் பராமரிப்புப் பணியாளர்களும்